நிற்கத் தெரியாத வண்டி

கண்ணுகளா, பத்திரிகையில் வந்த அந்த வெளிநாட்டுக் கார் படத்தை வைத்துக்கொண்டு நேற்று மத்தியானம் முழுக்க நீங்கள் இரண்டு பேரும் சண்டை போட்டதைக் கேட்டுக்கொண்டுதான் படுத்திருந்தேன். போன வருடத்து வண்டியைவிட இந்தப் புதுசு எத்தனையோ மைல் அதிகமாக ஓடும் என்றான் பெரியவன். மூக்கு நன்றாக இல்லை, பழசுதான் அழகு என்றாள் பாப்பா. அது எப்படி நிற்கும் என்று இரண்டு பேரில் ஒருவரும் கேட்கவில்லை. அதை மட்டுமே கேட்ட ஒரு மனிதர் இருந்தார். அவரைப் பற்றி உங்களுக்குச் சொன்னதில்லை. எனக்கு எழுதிப் பழக்கமில்லை; எட்டாவதோடு நின்றவன். முடிந்தவரை எழுதுகிறேன்.

அவர் பெயரை நாங்கள் யாரும் சொல்லிக் கூப்பிட்டதில்லை. டிரைவரண்ணன் என்போம். அப்போது தர்மபுரி சேலம் ஜில்லாவில் ஒரு தாலுகா. அங்கே ஒரு முதலாளியிடம் மூன்று பஸ் இருந்தது. அதில் சேலம் போகிற பஸ்ஸை அவர் ஓட்டினார், நான் கண்டக்டர். எனக்கு இருபத்திரண்டு வயது, அவர் என்னைவிடப் பத்து வயது மூத்தவர். கறுத்து ஒல்லியாக இருப்பார். தலையை ஒரு பக்கம் சாய்த்தே நடப்பார். எதையோ கேட்டுக்கொண்டு நடப்பது போலிருக்கும்.

உண்மையிலேயே கேட்டுக்கொண்டுதான் இருப்பார். முழ நீளத்தில் ஒரு ஸ்குரூடிரைவர் வைத்திருந்தார். எந்த வண்டி வந்து நின்றாலும் அதன் முனையை என்ஜின் மேல் ஊன்றி, மரப்பிடியைக் காதில் வைத்துக் கண்ணை மூடிக்கொள்வார். பஸ் நிற்கிற இடத்துக்கு எதிரே காபிக்கடை வைத்திருந்தவருக்கு அதைப் பார்த்தாலே வாய் சும்மா இருக்காது.

"என்னாங்க டிரைவரே, உள்ள இருக்கறது ஆணா பொண்ணான்னு தெரிஞ்சுதுங்களா?"

"ரெண்டும் இல்லீங்க. மூணாவது வால்வு. ஒரு மாசம் தாங்காது."

ஒரு மாசம் தாங்கவும் இல்லை. அவர் சொன்னால் சொன்னதுதான். அதனால் புது வண்டி எது வந்தாலும் அவர் என்ன சொல்கிறார் என்று கேட்க ஒரு கூட்டம் கூடும். கேட்டவர்கள் எல்லோரும் சந்தோஷமாகத் திரும்பிப் போனார்கள் என்று சொல்ல முடியாது. தாலுகாவில் பெரிய உத்தியோகத்தில் இருந்த ஒருவர் ஒரு பழைய காரை வாங்கிப் பச்சை வர்ணம் அடித்துக் கொண்டுவந்து நிறுத்தினார். எப்படி என்று கேட்டார். டிரைவரண்ணன் சுற்றி வந்தார், காது வைத்தார், ஒரு ஓட்டு ஓட்டிவிட்டு வந்து இறங்கினார்.

"ஆரன் நல்லா இருக்குதுங்க."

"ஆரன் மட்டுந்தானா?"

"அடிச்சீங்கன்னா முன்னால போறவங்க ஒதுங்கிக்குவாங்க. மத்தபடி அவங்க உசுருக்கு வண்டில வேற ஏற்பாடு இல்லீங்க."

இதைப் பெரிய துணிச்சல் என்று நினைத்துவிடாதீர்கள். அவருக்கு வேறு மாதிரி பேச வரவில்லை, அவ்வளவுதான். பொண்ணு பார்க்கப் போன இடத்திலேயே, "பொண்ணு நல்லா இருக்குது, கூரைதான் இந்த மழைக்கு ஒழுவும்" என்று மாமனாரிடம் சொன்னாராம். அவர் சம்சாரம்தான் இதைச் சொல்லும். சொல்லிவிட்டு, "ஒழுவுச்சுங்க" என்றும் சேர்த்துக்கொள்ளும்.

தர்மபுரியிலிருந்து சேலம் போகிற வழியில் தொப்பூர்க் கணவாய் இறக்கம் உங்களுக்குத் தெரியும். இப்போது பார்க்கிற ரோடு அல்ல அது. அகலம் குறைச்சல், ஒரு பக்கம் பாறை, மறு பக்கம் பள்ளம். பாதி இறக்கத்தில் ஒரு முனியப்பன் கோயில். கோயிலைத் தாண்டினதும் ரோடு வெடுக்கென்று திரும்பும். போகிற வண்டிகள் எல்லாம் அங்கே நின்று கற்பூரம் கொளுத்திவிட்டுத்தான் இறங்கும். டிரைவரண்ணனும் நிறுத்துவார். ஆனால் சாமி பக்கம் போகமாட்டார். சக்கரம் சக்கரமாகக் குனிந்து, சக்கரத்துக்குள் பிரேக் பிடிக்கிற இரும்பு வளையமான டிரம்மைப் புறங்கையால் தொட்டுப் பார்ப்பார். சூடு ஆறுகிறவரை வண்டியை எடுக்கமாட்டார்.

"சாமி அங்க நிக்குது, நீ சக்கரத்தைக் கும்புட்டுட்டு நிக்கறயே" என்று ஒரு கிழவி ஒருநாள் திட்டினாள்.

"பிரேக்கு காஞ்சா புடிக்காது ஆயா. ஆற வெக்கறேன்."

வண்டி நேரமாகிறது என்று ஜனங்கள் கத்துவார்கள். எனக்குத்தான் பதில் சொல்லி மாளாது. ஒருநாள் சொன்னேன். "அண்ணே, சாமிக்கு நிக்கறோம்னு ஒரு வார்த்த சொல்லிட்டா ஒருத்தரும் பேச மாட்டாங்க. எதுக்குங்க டிரம்மு டிரம்முன்னுட்டு?"

அவர் என்னிடம் கோபப்பட்டது அன்று ஒருதரம்தான். "வண்டியோட குத்தத்தைச் சாமி மேல போடச் சொல்றியா? நாளைக்குச் சாமி கும்புடாதவன் ஒருத்தன் வண்டி ஓட்டுவான். அவன் எதுக்கு நிப்பான்?"

எங்கள் முதலாளிக்குக் காரில் ஒரு பைத்தியம். பஸ் அவருக்குப் பிழைப்பு, கார்தான் உயிர். இரண்டே பேர் உட்காருகிற மாதிரி, மேல்மூடி இல்லாத, பந்தயத்துக்கு ஓட்டுகிற ஜாதிச் சிவப்பு வண்டி ஒன்றை பெங்களூரிலிருந்து வரவழைத்தார். அதை முதலில் ஒகேனக்கல் ரோட்டில் ஓட்டிப் பார்த்தவர் டிரைவரண்ணன். திரும்பி வந்து இறங்கினவர் வண்டியை ஒருமுறை சுற்றி வந்தார். நாங்கள் எல்லாம் அவர் வாயையே பார்த்தோம். கடைசியில், "பொய் சொல்லாத வண்டி" என்றார். வேறு எந்த வண்டியையும் அவர் இத்தனை பாராட்டிப் பேசினதே இல்லை. முதலாளிக்குக் கண்ணே கலங்கிவிட்டது. அன்று முதல் அந்த வண்டியைத் துடைக்கிற வேலையைக்கூட முதலாளி டிரைவரண்ணனைத் தவிர வேறு ஆளிடம் விடவில்லை.

இரண்டு மூன்று வருடம் கழித்து அதே வண்டியில் புதுசு ஒன்று வந்தது. பேர் அதேதான், நிறமும் அதேதான். ஆனால் என்ஜின் மூடி ஒரு முழம் கூடுதல் நீளம், என்ஜின் பெரிசு, சத்தமே வேறு. பழசை பெங்களூர்க் கம்பெனி எடுத்துப் போகிறவரை இரண்டையும் ஷெட்டில் பக்கம் பக்கமாக நிறுத்தியிருந்தார்கள். அந்த ஒரு வாரம் ஊரில் வேறு பேச்சு இல்லை. வண்டியில் ஏறாதவன்தான் அதிகமாகப் பேசினான். புதுசு புலி என்றார் காபிக்கடைக்காரர். பழசு முயல் மாதிரி இருந்தது, இது ஓநாய் மாதிரி இருக்கிறது என்றார் பள்ளிக்கூட டிரில் வாத்தியார். வேகத்தில் பாதி ஊருக்குத் தலை சுற்றிக் கிடந்தது.

டிரைவரண்ணன் என்னை ஷெட்டுக்குக் கூப்பிட்டார். இரண்டு வண்டியிலும் சக்கரத்தைக் கழற்றினார். ஒரு கயிற்றை என்னிடம் கொடுத்து, பழைய டிரம்மைச் சுற்றிப் பிடிக்கச் சொன்னார். சேர்ந்த இடத்தில் முடிச்சுப் போட்டார். பிறகு புது வண்டி டிரம்மைச் சுற்றிப் பிடிக்கச் சொன்னார். முடிச்சு அதே இடத்தில் வந்து நின்றது.

"பாத்துக்கிட்டயா?" என்றார். "ஓடறதுக்கு அவ்வளவு பண்ணிருக்கான். நிக்கறதுக்கு ஒண்ணுமே பண்ணல."

சாயங்காலம் முதலாளி வந்தார். கூட்டமும் வந்தது. ஆளாளுக்குப் புகழ்ந்து முடித்த பிறகு முதலாளி சிரித்தபடி இவர் பக்கம் திரும்பினார். அவர் எதிர்பார்த்தது பழைய மாதிரி ஒரு வார்த்தை. பாவம், அவரும் ஆசையாகத்தான் கேட்டார்.

"என்னப்பா, இதுவும் பொய் சொல்லாத வண்டிதானே?"

"இல்லீங்க. இது பாதி நெசம் சொல்லுது. சமதரைல பறக்கும். கணவாய்ல இதை நம்பி யாரையும் ஏத்தாதீங்க. பிரேக்கு பழைய வண்டிதுங்க. இந்த எடைக்கும் வேகத்துக்கும் பத்தாது."

முதலாளி முகம் செத்துவிட்டது. "அதைச் செஞ்ச வெள்ளக்காரனுக்குத் தெரியாததா உனக்குத் தெரிஞ்சிருச்சு?"

"அவங்க ஊர்ல தொப்பூர் இல்லீங்களே."

யாரோ சிரித்துவிட்டார்கள். அதுதான் வினை. டிரைவரண்ணன் என்னைக் காட்டி, "கயிறு புடிச்சது இவன்தானுங்க. கேளுங்க" என்றார். எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். எனக்கு அந்த வேலையில்தான் சோறு. "எனக்கு வண்டியப் பத்தி ஒண்ணும் தெரியாதுங்க. பாக்கறதுக்கு நல்லா இருக்குதுங்க" என்றேன்.

 டிரைவரண்ணன் கயிற்றைச் சுருட்டி மடியில் வைத்துக்கொண்டு போனார். மறுநாளிலிருந்து சேலம் பஸ்ஸுக்கு வேறு டிரைவர் வந்தான். ஷெட்டுக்குள் வரக்கூடாது என்றும் இவருக்குச் சொல்லிவிட்டார்கள்.

பிறகு யுத்தம் வந்துவிட்டது. பெட்ரோல் இல்லை, டயர் இல்லை. முதலாளி ஒரு பஸ்ஸின் பின்னால் கரி அடுப்பு வைத்துக் கட்டினார். கரியை எரித்து அந்தப் புகையில் ஓடுகிற வண்டி. அதை ஓட்ட ஒருவனும் வரவில்லை. டிரைவரண்ணனைத் திரும்பக் கூப்பிட்டு அவரிடம் கொடுத்தார்கள். விடிவதற்கு முன்பே அடுப்பு மூட்டி, காற்று விசிறி, கண் எரிய நின்றால்தான் வண்டி கிளம்பும். ஏற்றம் வந்தால் ஜனங்கள் இறங்கித் தள்ள வேண்டும். நானும் அதே வண்டிக்குத்தான் கண்டக்டரானேன். நாலைந்து வருடம். வேறென்ன சொல்ல, களைத்துப் போனோம். அவருக்கு இருமல் வந்து நெஞ்சிலேயே தங்கிவிட்டது.

"எப்படிங்க டிரைவரே உங்க கரி வண்டி?" என்று காபிக்கடைக்காரர் கேட்பார்.

"இதுக்குப் பிரேக்கே வேணாங்க. தானே நின்னுக்கும்" என்பார். சிரிக்கப் போய் இருமுவார்.

புதுச் சிவப்பு வண்டியை டயர் கழற்றி, நாலு மரக்கட்டை மேல் ஏற்றி வைத்திருந்தார்கள். காவல்காரனிடம் சொல்லி, வாரத்துக்கு ஒருமுறை டிரைவரண்ணன் ஷெட்டுக்குள் போய்விட்டு வருவார். என்ன செய்கிறார் என்று எட்டிப் பார்த்தேன். என்ஜின் இறுகிப் போகாமல் இருக்க, முன்னால் கைப்பிடியை மாட்டி மெதுவாகச் சுற்றிக்கொண்டிருந்தார். "இதைத்தான் வேணாம்னீங்களே" என்றேன். "வேணாம்னு சொல்லல. நிக்காதுன்னு சொன்னேன். அது வேற" என்றார்.

யுத்தம் முடிந்து பெட்ரோல் கொஞ்சம் கொஞ்சமாகக் கிடைக்கத் தொடங்கின காலத்தில் முதலாளி மகனுக்குக் கல்யாணம் ஆயிற்று. பெண் சேலம். பெண்ணும் மாப்பிள்ளையும் பெண்வீட்டு விருந்துக்குச் சேலத்துக்கு மறுவூடு போக வேண்டும். சின்னவருக்கு அந்தச் சிவப்பு வண்டியில்தான் பெண்டாட்டியைக் கூட்டிப்போக வேண்டும் என்று ஆசை. இத்தனை வருடம் கட்டையில் நின்ற வண்டியைக் கிளப்ப வேறு ஆள் ஏது? டிரைவரண்ணனுக்கு ஆள் வந்தது.

நாலு நாள் வேலை செய்தார். பிரேக்குக்குள் உரசிப் பிடிக்கிற புது லைனிங் எங்கேயும் கிடைக்கவில்லை. இருந்ததையே சுரண்டிச் சரிசெய்தார். நாலாம் நாள் முதலாளியிடம் போய், "கணவாய் இறங்க வேணாங்க. பஸ்லயே கூட்டிப் போங்க" என்றார்.

"எட்டு வருசமா இதே பாட்டா?" என்றார் முதலாளி. "நல்ல காரியத்துக்குப் போறப்ப வாயைக் கழுவிட்டு வா."

மறுநாள் காலை வாசலில் வண்டிக்கு மாலை போட்டிருந்தது. சின்னவர் கையில் உறை மாட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அந்தப் பெண்ணுக்குப் பதினெட்டு வயது இருக்கும். சீர்த்தட்டுகளும் உறவுக்காரர்களும் முதலாளியும் எங்கள் பஸ்ஸில். முதலாளி பெட்ரோல் கொடுத்ததால் அன்றைக்குக் கரி அடுப்பைப் பற்ற வைக்கவில்லை. டிரைவரண்ணன் பஸ்ஸில் ஏறப் போனவர், திரும்பிக் கார் பக்கம் வந்தார். அந்தப் பெண்ணை ஒரு தரம் பார்த்தார். 

"ஏனுங்க சின்னவரே, ஒரு வேண்டுதலுங்க. நீங்க நல்லபடியாப் போய்ச் சேரணும்னு முனியப்பனுக்கு வேண்டிக்கிட்டேன். கோயில்கிட்ட வண்டிய நிறுத்தித் தேங்கா ஒடைக்கணும். ஒரு சுருட்டுப் பத்த வெச்சு சாமி முன்னால வெக்கணும். அந்தச் சுருட்டு எரிஞ்சு அணையற வரைக்கும் வண்டியத் தொடக் கூடாதுங்க. தொட்டா குத்தமாயிரும். கணவாய் இறங்கறப்ப வேகமும் கூடாதுங்க, சாமிக்கு ஆவாது."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. முதலாளியம்மா கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள். முதலாளி பஸ் ஜன்னலிலிருந்தே, "டேய், அவன் சொன்னபடி செய்யணும், தெரியுதா?" என்று மகனுக்கு உத்தரவு போட்டார். பிரேக் என்று சொன்னபோது வாயைக் கழுவச் சொன்ன அதே மனிதர்.

பஸ் முன்னால் கிளம்பிப் போய்க் கோயிலடியில் நின்றது. எல்லோரும் சாமி பக்கம் போனார்கள். டிரைவரண்ணன் மட்டும் பாறை ஓரத்திலிருந்து ஒரு பெரிய கல்லைத் தூக்கி வந்து, ரோட்டோரம் அதை வைத்துக்கொண்டு நின்றார். நானும் ஒன்றைத் தூக்கி வந்தேன்.

மேலே சத்தம் கேட்டது. அவர் தலையைச் சாய்த்தார். "வேகமா வரான்" என்றார். பிறகு, "அழுத்தறான். புடிக்கல" என்றார்.

வண்டி கோயில் வாசலைத் தாண்டிவிட்டது. நின்றுகொண்டே ஓடுகிற மாதிரி வழுக்கி வழுக்கிப் போயிற்று. இரண்டு பேரும் கூடவே ஓடிச் சக்கரத்துக்கு முன்னால் கல்லைப் போட்டோம். மோதித் துள்ளி நின்றது. அங்கிருந்து திருப்பம் பத்தடி. அந்தப் பெண் முன்பலகையைப் பிடித்த கையை எடுக்கவே இல்லை.

முன்சக்கரம் இரண்டிலிருந்தும் புகை சுருள் சுருளாக வந்தது. பூசாரி அதைப் பார்த்தார். "ஐயோ, சாமி சக்கரத்துல இறங்கிட்டாருங்க! பாருங்க, சுருட்டுப் புடிக்கறாரு!" என்று கூவினார். உறவுக்காரர்கள் எல்லோரும் ஓடி வந்தார்கள். முதலாளி நடுரோட்டில், அந்தச் சக்கரத்துக்கு முன்னால் நெடுஞ்சாண்கிடையாக விழுந்தார். சின்னவரும் விழுந்தார். யாரோ ஒரு அம்மாள் டிரம் மேல் கற்பூரம் வைக்கப் போனாள். நான்தான் தடுத்தேன்.

சாமிக்கு வைத்த சுருட்டு எரிந்து அணைந்தது. சக்கரத்துப் புகையும் அதற்கு முன்பே நின்றுவிட்டது. டிரைவரண்ணன் புறங்கையால் தொட்டுப் பார்த்து, "இப்பப் போலாமுங்க. கியர்லயே இறங்குங்க" என்றார். சாமி உத்தரவு என்று சின்னவர் மாட்டு வண்டி வேகத்தில் இறங்கினார். சேலம் போய்ச் சேர்ந்தார்கள். ஒரு குறையும் இல்லை.

பஸ்ஸில் ஏறுவதற்கு முன் நான் அவரிடம், "நல்லவேளை அண்ணே, அப்படிச் சொன்னீங்க" என்றேன்.

அவர் சந்தோஷப்படவில்லை. படியில் உட்கார்ந்து ரொம்ப நேரம் இருமினார். "எட்டு வருசம் நெசத்தைச் சொன்னேன். ஒருத்தன் காதுல ஏறல. ஒரு பொய்யச் சொன்னேன், ரோட்டுல விழுந்து கும்புடறாங்க" என்றார். எழுந்து படியேறும்போது, "டிரம்மைப் பாத்துக் கும்புடறான்டா. அப்பக்கூட டிரம்மைப் பாக்கல" என்றார்.

கயிற்றைப் பிடித்தது நான்தான், இரண்டு டிரம்மும் ஒரே அளவுதான் என்று அந்தச் சாயங்காலம் முதலாளியிடம் சொல்லியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று இன்றைக்கும் யோசிக்கிறேன். ஒன்றும் ஆகாமலும் போயிருக்கலாம். ஆனால் அவர் தனியாக நின்றிருக்க வேண்டியதில்லை.

அந்தக் கோயிலில் அதற்குப் பிறகு அது வழக்கமாகிவிட்டது. லாரிக்காரர்கள்கூடச் சுருட்டுக் கொளுத்தி வைத்து, அணைகிறவரை காத்திருந்தார்கள். அதனால் எத்தனை பேர் பிழைத்தார்களோ, எனக்குத் தெரியாது.

முதலாளிக்கு இவர் மேல் பழையபடி பிரியம் வந்துவிட்டது. "உனக்கு இப்பதான் புத்தி வந்திருக்குது" என்று சொல்லி, அடுத்து வாங்கின புது பஸ்ஸை இவரிடமே கொடுத்தார். சந்தனம் பூசி, குங்குமம் வைத்துக் கொண்டுவந்து நிறுத்தின அன்று வழக்கம்போலக் கூட்டம் கூடிவிட்டது. ஸ்குரூடிரைவரைப் பெட்டியிலிருந்து எடுத்து நானே கையில் வைத்துக்கொண்டு நின்றேன். அவர் வாங்கவில்லை. வண்டியைச் சுற்றி வரவும் இல்லை. நேராக ஏறி உட்கார்ந்தார்.

காபிக்கடைக்காரர் துண்டில் கையைத் துடைத்துக்கொண்டு, சிரிப்பதற்குத் தயாராக முன்னால் வந்தார்.

"என்னாங்க டிரைவரே, வண்டி எப்படி?"

"நல்லா இருக்குதுங்க" என்றார் டிரைவரண்ணன்.

காபிக்கடைக்காரர் இன்னும் ஏதோ வரும் என்று வாயைத் திறந்தபடி நின்றுகொண்டிருந்தார். பஸ் கிளம்பிவிட்டது.